பெறுநர் பிற்பகல்

“அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஃபாக்ஸ் ஹாலோ எஸ்டேட்ஸ் வீட்டு உரிமையாளர் சங்கம், நீண்ட ஆலோசனைக்கும் துணைக்குழுக்களின் பரிந்துரைக்கும் ஒரு நிமிட மௌனத்துக்கும் பிறகு, இவ்வாண்டு முதல் பயத்தைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றி அமைத்துள்ளது. பயம் மதிய உணவுக்குப் பின் தொடங்கி, வெயில் இறங்குவதற்குள் நிறைவுறும். மழை பெய்தால் பயம் ரத்தாகும். அதற்கு ஈடாக வேறு நாள் வழங்கப்படாது. இனி எந்த உறுப்பினரும் எந்தக் குழந்தைக்காகவும் தம் வீட்டுக் கதவைத் திறக்கவேண்டிய நிலை ஒருபோதும் ஏற்படாது என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

செப்டம்பரில் ஒரு காலை இந்த அறிவிப்பு எங்கள் எல்லோர் வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. கதவில் எதையும் ஒட்டக் கூடாது என்பது சங்கத்தின் விதி என்பதால், ஒட்டிய சங்கமே மத்தியானம் வந்து கிழித்துக்கொண்டும் போயிற்று. அதற்குள் படித்தவர்கள் பாக்கியசாலிகள்.

ஃபாக்ஸ் ஹாலோ, அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரத்துக்கு மேற்கே, சோளக்காட்டை மழித்துவிட்டுக் கட்டிய குடியிருப்பு. பெயரில் நரி இருக்கிறது. நிஜ நரி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, புல் இவ்வளவு சமமாக இருக்கும் இடத்தில் தனக்கு வேலையில்லை என்று போய்விட்டது. புல்லின் உயரம், ஜன்னல் திரையின் நிறம், குப்பைத்தொட்டி எந்தத் திசை பார்த்து நிற்கவேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் சங்கமே தீர்மானித்துக் கொடுத்துவிடும். தும்மலை மட்டும் இன்னும் எங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

மற்ற அமெரிக்கா ஹாலோவீனை அக்டோபர் கடைசி நாளில் வைத்துக்கொள்கிறது. டி மாய்ன்காரர்களுக்கு அது முந்தின நாள் மாலையே முடிந்துவிடும். அதற்குப் பெயர் பிச்சைக்காரர் இரவு. வேறு ஊர்களில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய், மிட்டாய் கொடுக்காவிட்டால் விஷமம் பண்ணுவோம் என்று மிரட்டி வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் மிரட்டல் செல்லாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். ஜோக் இல்லை என்றால் மிட்டாய் இல்லை. முழங்கால் உயரப் பூதமானாலும் உழைக்காமல் கூலி கிடையாது என்பது அயோவாவின் கொள்கை. ஜோக் நன்றாக இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. இருந்ததும் இல்லை.

சங்கத்துக்கு முதலில் உறுத்தியது பெயர்தான். ‘பிச்சைக்காரர்’ என்ற சொல் குடியிருப்பின் பெயரோடு சேர்ந்து ஒருவர் காதில் விழுந்தால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று தலைவி லொரேன் ஸ்டப் கருதினார். லொரேன் முன்பு வீடு விற்றுக்கொடுக்கும் தரகராக இருந்தவர். ஒரு மனிதரைப் பார்த்ததுமே அவருடைய சமையலறை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அனுபவம். அவர் யோசனைப்படி பிச்சைக்காரர் இரவு ‘பெறுநர் பிற்பகல்’ ஆயிற்று.

ஓரின் டெஸ்டாலுக்கு அறிவிப்பு புரியவில்லை. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆலங்கட்டி மழைப் பிரிவில் இருக்கிறார். கூரை நொறுங்கிப்போனவர்களுக்கு, நொறுங்கியது ஏன் நொறுங்கியதாக ஆகாது என்று பணிவோடு எழுதி அனுப்புவது அவர் வேலை. அவருக்கே புரியவில்லை என்றால் அறிவிப்பின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய கவலையெல்லாம் மகள் ட்ரூடியைப் பற்றி. ஏழு வயது. ஊமைக் கூச்சம். போன வருஷம் பிச்சைக்காரர் இரவில் மூலைவீட்டு வாசலில் போய் நின்று வாயைத் திறந்தாள். ஜோக் வெளியே வரவில்லை. அந்த வீட்டு அம்மாள் இரக்கப்பட்டு, “பரவால்ல கண்ணு, எடுத்துக்கோ” என்று சாக்லேட்டைப் பையில் போட்டார். ட்ரூடி கொஞ்ச தூரம் போய், நின்று யோசித்து, திரும்பி வந்து, சாக்லேட்டை அந்த அம்மாளிடமே நீட்டினாள்.

“நான் இன்னும் சொல்லலையே.”

அத்தோடு அந்த வருஷம் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை.

இந்த வருஷம் அவள் தயார். ஜோக் சொந்தத் தயாரிப்பு. ஃப்ரிட்ஜிடம் சொல்லிப் பார்த்தாள். துணி துவைக்கும் இயந்திரத்திடம் சொல்லிப் பார்த்தாள். நாயிடம் சொன்னபோது நாய் பாதியில் எழுந்து போய்விட்டது. அதற்கும் அவள் தளரவில்லை. அப்பா அம்மாவிடம் சொல்வதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. “நீங்க எப்படியும் சிரிச்சுதான் ஆகணும். அதனால அது செல்லாது” என்று சொல்லிவிட்டாள். வேறு யாராவது ஓர் ஆள், தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நின்று, கேட்க வேண்டும். ஓரினுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு கதவு.

அதைக் கேட்கத்தான் சங்கத்தின் அக்டோபர் கூட்டத்துக்குப் போனார்.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்,” என்று மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். “எம் பொண்ணு முப்பதாம் தேதி ஒரு கதவைத் தட்டணும். ஒரே கதவு போதும். எதைத் தட்டட்டும்னு சொன்னீங்கன்னா நல்லது.”

மேடையில் மூன்று பேர் இருந்தார்கள். லொரேன், பாதுகாப்புப் பொறுப்பாளர் கிப் லூட்மன், எதற்கும் தலையசைக்காத வெண்டல் ஃப்ரோ. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஓரின், உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம்,” என்றார் லொரேன். அவர் மதிக்கிறோம் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம். போற்றுகிறோம் என்று சொன்னால் வக்கீல் நோட்டீஸ் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

கிப் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கார்ஷெட்டுக்கு இரும்புக் கதவு விற்பவர் அவர். கதவு என்ற சொல்லை யார் எடுத்தாலும் தன் தொழிலில் கைவைத்ததுபோல அவருக்கு ஆகிவிடும்.

“போன வருஷம் நடந்ததை நான் கேமராவுல திரும்பத் திரும்பப் பாத்தேன், ஓரின். இருட்டுல வர்றாங்க. முகத்தை மூடிக்கிட்டு வர்றாங்க. கும்பலா வர்றாங்க. கையில காலிப் பையோட படியேறி வந்து, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம கையை நீட்டுறாங்க. இதையே ஒரு பெரிய ஆள் செஞ்சா போலீசைக் கூப்பிட மாட்டோமா? உயரம் கம்மிங்கிற ஒரே காரணத்துக்காக விட்டுடறதா?”

“அவங்க குழந்தைங்க, கிப்.”

“அதைத்தானே நானும் சொல்றேன். பத்து வருஷத்துல அவங்க பெரியவங்களாயிடுவாங்க. அப்போ நம்ம வீடெல்லாம் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியத்தான் தெரியும். இங்கதானே குடியிருக்காங்க.”

“பாத்தீங்களா,” என்று கிப் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “ஆபத்து எவ்வளவு கிட்டத்துல இருக்குன்னு இப்பவாவது தெரியுதா?”

சிலர் கைதட்டினார்கள். லொரேன் மாற்று ஏற்பாட்டை விளக்கினார். சனிக்கிழமையன்று சங்கக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் உறுப்பினர்கள் வரிசையாகக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் டிக்கி டிக்கியாகப் போய் வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஓரின் மறுபடி எழுந்தார். “வருஷம் பூரா பிள்ளைங்ககிட்ட, யாராவது கார்ல இருந்து மிட்டாய் குடுத்தா கிட்டயே போகாதேன்னு சொல்லிச் சொல்லி வளக்குறோமே.”

“அது சங்கத்து ஸ்டிக்கர் ஒட்டாத காரு,” என்றார் கிப்.

“சரி, பொண்ணுக்கு என்ன வேஷம்?” என்று லொரேன் கனிவாகக் கேட்டார்.

“அறுவடை இயந்திரம்.”

அது ட்ரூடியின் சொந்தத் தேர்வு. சுற்றிலும் சோளம் அறுக்கிற மாதம். இருட்டில் நெற்றி நிறைய விளக்கைப் போட்டுக்கொண்டு வயலிலிருந்து உறுமிக்கொண்டு வரும் அந்த இயந்திரத்தைவிடப் பயங்கரமான ஜந்து எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவள் அபிப்பிராயம். ஓரின் பெரிய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிப் பச்சை வண்ணம் அடித்து, முன்பக்கம் பற்கள் வைத்து, உள்ளே அவள் நிற்க இடமும் வைத்திருந்தார்.

மேடையில் விதிப் புத்தகம் புரண்டது.

“விவசாய வாகனங்களை நம்ம ரோட்டுல நிறுத்தக் கூடாது, ஓரின்,” என்றார் கிப்.

“அது வாகனம் இல்லைங்க. அட்டை.”

“அட்டைன்னா அது குப்பை. குப்பையைச் செவ்வாய்க்கிழமைதான் வெளிய வைக்கலாம்.”

வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு இப்படி எழுதி அனுப்பிய மனிதர், தனக்கே ஒன்று வந்து சேர்ந்ததும் எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார். அவர் முகத்தைப் பார்த்து லொரேனுக்கே மனசு இளகிவிட்டது.

“சரி, ஒரு சலுகை. நிறுத்தத்தான் கூடாது. ஓடிக்கிட்டே இருந்தா தப்பில்ல. பாப்பாவை ஒரு இடத்துல நிக்காம நடந்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க.”

கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பியை நோக்கி நகர்ந்தபோது, அதுவரை பேசாமலிருந்த வெண்டல் ஃப்ரோ ஓரினின் தோளைத் தொட்டார். “பொண்ணு ஜோக் வச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். அதை முன்னாடியே குழுவுக்குச் சொல்லிடணும். போன வருஷம் ஒரு பையன் சொன்ன ஜோக்குல கோழி ரோட்டைக் கடந்துச்சு. எந்த ரோடு, சிக்னல் இருந்துச்சா, எதுவுமே இல்ல.”

சிரிப்பு மதிப்பீட்டுக் குழுவுக்கு வெண்டல்தான் தலைவர். ஆயுள் காப்பீட்டில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வயதில் எத்தனை பேர் போவார்கள் என்று கணக்குப் போட்டுப் போட்டு, யாரைப் பார்த்தாலும் ‘இன்னும் எவ்வளவு நாள்’ என்ற பார்வை அவருக்கு வந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. ஆகவே நடுநிலையானவர் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் குழு, அதாவது மேடையில் இருந்த அதே மூவர், கூடியது. சிறுவர்கள் வரக் கூடாது என்பதால், தன் மகளின் ஜோக்கைத் தன் வாயால் சொல்லும் பொறுப்பு ஓரினுக்கு வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

“பேய் ஏன் எங்க வீட்டுக்கு வர்றதில்ல தெரியுமா?”

மூவரும் கேள்வியைக் குறித்துக்கொண்டார்கள்.

“நீங்க ‘ஏன்’னு கேக்கணும்.”

“குழு கேள்வி கேட்டா அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்,” என்று வெண்டல் எச்சரித்தார். “ஏன்?”

“எங்கப்பா குறட்டை விடுவாரு. ஏற்கெனவே வேற பேய் குடியிருக்குன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுது.”

கிப்பின் தோள் ஒருமுறை குலுங்கியது. லொரேன் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாயிற்று.

“முதல்ல குறட்டையை எடுத்துக்குவோம்,” என்றார் வெண்டல். “இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு என்ன வயசு?”

“நாப்பத்தாறு.”

வெண்டல் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு கண்ணைத் திறந்து ஓரினை மிகுந்த அன்போடு பார்த்தார். “சரி, அதை விடுங்க.”

“இல்ல, சொல்லுங்க.”

“விடுங்கன்னு சொல்றேன்ல.”

லொரேன் குறுக்கிட்டார். “எனக்கு அந்த இன்னொரு பேய்தான் உதைக்குது. ஒரு வீட்டுல பேய் குடியிருக்குன்னு நீங்களே வெளிய சொல்றீங்க. நாளைக்கு அந்த வீட்டை விக்கும்போது வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லாம இருக்க முடியுமா? உங்க வீட்டை விடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“குடியிருக்குன்னா எப்படி?” என்றார் கிப். “வாடகைக்கா? நம்மகிட்ட வாடகைக்கு விட அனுமதியே கிடையாதே.”

“பேயே இல்லைங்க,” என்றார் ஓரின். “அது வரவே இல்ல. அதான் ஜோக்கே.”

லொரேனின் முகம் கறுத்தது. “ஏன் வரல? நம்ம குடியிருப்புல அதுக்கு என்ன குறை?”

குழு ஜோக்கை நிராகரிக்கவில்லை. அப்படிச் செய்தால் குழந்தையின் மனம் புண்படும் என்று வெண்டல் சொன்னார். திருத்தினார்கள். குறட்டையை எடுத்தார்கள். அப்பாவை எடுத்தார்கள், ஏனென்றால் அப்பா இல்லாத பிள்ளைகளும் உண்டு. பேய் விருந்தினர் ஆயிற்று. இருட்டிய வெகுநேரம் கழித்து வெண்டல் எழுந்து நின்று இறுதி வடிவத்தை வாசித்தார்.

“கேள்வி: விருந்தினர் ஏன் வரவில்லை? பதில்: அவர் முன்அனுமதி பெறவில்லை.”

குழு திருப்தியோடு தலையசைத்தது.

“இதுல யாருக்கும் மனவருத்தம் இல்ல பாருங்க,” என்றார் வெண்டல்.

“சிரிப்பும் இல்லையே.”

“மனவருத்தம் இல்லைன்னு சொல்றேன், ஓரின். ரெண்டையும் எங்கயுமே சேத்துக் குடுக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஓரினின் மனைவி டார்லா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “குறட்டையை எடுத்துட்டாங்களா? கல்யாணமானதுலேருந்து நான் எடுக்கப் பாக்குறேன், முடியல. ஒரே கூட்டத்துல எடுத்துட்டாங்கன்னா அந்தக் குழுவை லேசா நினைக்கக் கூடாது.”

ட்ரூடி திருத்திய ஜோக்கை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

“இது என் ஜோக் இல்லப்பா. இது நோட்டீசு.”

“நீ உன் ஜோக்கையே சொல்லு,” என்றார் ஓரின், குரலைத் தாழ்த்தி. சொந்த வீட்டில் எதற்குத் தாழ்த்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. வெயில் பளீரென்று அடித்தது. பயப்படுவதற்கு அதைவிடத் தோதில்லாத நாளைத் தேடிப் பிடிக்க முடியாது. கார் நிறுத்துமிடத்தின் வாசலில் பூசணிக்காய்கள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் ஏமாறக் கூடாது என்று எங்கோ ஒரு நல்ல தாய் தன் வீட்டு வாசலில் நீலப் பூசணி வைத்தாள். நல்ல காரியம், எல்லோருக்கும் ஒரே பார்வையில் புரிந்தது. சங்கம் அதைக் கேள்விப்பட்டதும் மற்ற நிறங்களுக்கும் பொறுப்புக் கொடுத்தது. மஞ்சள் என்றால் பால் இல்லை. ஊதா என்றால் சர்க்கரை இல்லை. வெள்ளை என்றால் இங்கே ஒன்றுமே இல்லை, ஆனாலும் உங்கள் வருகையைப் போற்றுகிறோம். பெரும்பாலான கார்களின் முன்னால் வெள்ளைதான் இருந்தது.

கடைக்காரர்கள் ஜூலை மாதமே விற்கத் தொடங்கிய ராட்சத எலும்புக்கூடுகளும் வந்திருந்தன. வேலியைவிட உயரமான எதையும் குடியிருப்பில் நிறுத்தக் கூடாதாகையால், எல்லாவற்றையும் தரையில் படுக்கவைத்திருந்தார்கள். படுத்திருக்கும் எலும்புக்கூடு பார்க்கச் சோகமாக இருக்கிறது என்று யாரோ புகார் செய்ததால் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளைகளின் வேஷங்கள் பயமுறுத்தக் கூடாது என்று விதி இருந்தது. எனவே மேகமாகவும் காலிஃபிளவராகவும் தபால்காரராகவும் வந்திருந்தார்கள். பெரியவர்களைப் பற்றி விதி எதுவும் இல்லாததால், பெரியவர்கள் ரத்தம் சொட்டச் சொட்ட வந்திருந்தார்கள். டிக்கிகளில் இடுகாடு, தூக்குமேடை, புகை கக்கும் கொப்பரை என்று அமர்க்களப்பட்டது. மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குறுக்கே வந்து மறைக்கும்போது, “கொஞ்சம் தள்ளி நில்லு செல்லம், போட்டோ எடுக்கறாங்க” என்று ரத்தக் காட்டேரிகள் கேட்டுக்கொண்டன.

வரிசையின் கடைசியில் ட்ரூடி. நிற்கக் கூடாதல்லவா, பச்சை அறுவடை இயந்திரம் இருந்த இடத்திலேயே வட்டம் போட்டு நடந்துகொண்டிருந்தது. கிப் அதன் முதுகில் மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கான ஆரஞ்சு முக்கோணத்தை ஒட்டிவிட்டுப் போனார்.

“தலை சுத்துதா?” என்று ஓரின் அட்டைக்குள் குனிந்து கேட்டார்.

“இல்ல. உள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன். பேசாதீங்க.”

வரிசை ஒரு மேசையில் போய் முடிந்தது. குடைக்குக் கீழே வெண்டல் ஃப்ரோ உட்கார்ந்திருந்தார். முதல் சில பிள்ளைகளின் ஜோக்குகளைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும், “சரி, இது சிரிப்புதான்” என்று அறிவித்தார். ஆனால் வெயில் சுட்டது. வெண்டலுக்கு வேர்த்தது. மேசையில் ஓர் அவசர ஆலோசனை நடந்து, ஜோக்குகள் எல்லாம் முன்கூட்டியே ஏற்கப்பட்டுவிட்டதால் அவை சொல்லப்பட்டதாகவே கருதப்படும் என்று முடிவாயிற்று. வரிசை சரசரவென்று நகர்ந்தது. அறுவடை இயந்திரம் மேசையை அடைந்தது.

“எடுத்துக்கோ,” என்று வெண்டல் ஒரு சின்ன உலர்திராட்சைப் பெட்டியையும் பல்துலக்கும் பிரஷையும் நீட்டினார். “அடுத்தது யாரு?”

“நான் இன்னும் சொல்லல,” என்றது அறுவடை இயந்திரம், சுற்றிக்கொண்டே.

“சொன்னதா எழுதியாச்சு பாப்பா.”

“ஆனா நான் சொல்லல.”

“நீ சொல்லணும்னு அவசியமே இல்ல. அதான் இதுல வசதி.”

ட்ரூடி ஒரு சுற்று சுற்றி வந்தாள். திராட்சையும் பிரஷும் மேசைமேல் திரும்பி வந்து உட்கார்ந்தன. ஓரின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லொரேன் ஒரு காரின் மேல் ஏறி நின்று பேசத் தொடங்கிவிட்டார்.

“அன்பர்களே, இன்னைக்கு என்ன நடந்திருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரு குழந்தைகூடப் பயப்படல. ஒரு குழந்தைகூட ஓடல. ஒரு குழந்தைகூட இருட்டைப் பாக்கல. முன்பின் தெரியாத ஒருத்தரோட ஒரு வார்த்தைகூடப் பேசல. நாம சின்ன வயசுல பட்டதுல ஒண்ணைக்கூட இவங்க படவேணாம். எங்கம்மா எங்களைத் தனியா அனுப்பிட்டு அவங்கபாட்டுக்கு வீட்டுல சீட்டாடிக்கிட்டிருப்பாங்க. நாங்க தெருத்தெருவா அலைஞ்சோம். ஒரு வீட்டுல நாய் துரத்துச்சு. எங்கண்ணன் குழியில விழுந்தான். அந்த மாதிரி ஒரு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நின்றார். முகத்தில் ஏதோ வந்து போயிற்று. “அந்த மாதிரி அபாயம் இனிமே நம்ம பிள்ளைங்களுக்கு இல்ல. இப்ப, ஏற்கப்பட்ட எல்லா ஜோக்குகளுக்குமா சேத்து நாம ஒண்ணா சிரிச்சிடலாம். நான் கையைக் காட்டினதும்.”

கையைக் காட்டினார். கார் நிறுத்துமிடம் முழுக்கச் சிரித்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் காரணமில்லாமல் சிரித்ததைக் கேட்டு, தள்ளுவண்டியில் இருந்த ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அன்று முழுவதும் அங்கே யாரேனும் பயந்தார்கள் என்றால் அது அந்தக் குழந்தை மட்டும்தான்.

ஊர் வழக்கப்படி பிச்சைக்காரர் இரவான முப்பதாம் தேதி மாலை ஓரின் வேலையிலிருந்து வந்தபோது அறுவடை இயந்திரம் வாசலில் தயாராக நின்றிருந்தது. நெற்றி விளக்கும் எரிந்தது.

“தட்டிப் பாக்கலாம்பா.”

தட்டிப் பார்த்தார்கள். தெரு முழுக்க இருட்டு. எந்த வாசலிலும் விளக்கில்லை. அழைப்புமணியை அமுக்கினால் அதிலிருந்த கேமரா கிப்பின் குரலில், “வணக்கம், நீங்கள் பதிவாகிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றது. அடுத்த வீட்டிலும் கிப். அதற்கடுத்த வீட்டிலும் கிப். மூலைவீட்டு அம்மாள்கூட இல்லை. சங்கம் சொன்னதை ஊரே இவ்வளவு ஒழுங்காகக் கேட்டுவிட்டதே என்று ஓரினுக்கு ஆச்சரியம். ஆனால் எந்த வீட்டின் முன்னாலும் காரும் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

“இதுகிட்டயே சொல்லிடறியா?” என்று கேமராவைக் காட்டினார்.

“அது ஆள் இல்லப்பா.”

ஓரின் அறுவடை இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காரில் ஏற்றி, நகரத்தின் பழைய பகுதிக்கு ஓட்டினார்.

பழைய பகுதியில் செங்கல் வீடுகள் நெருங்கி நின்றிருக்கும். நடைபாதையை ஓக் மர வேர்கள் தூக்கிவிட்டிருக்கும். புல்லை யாரும் அளப்பதில்லை. அங்கே நுழைந்தால் திருவிழாக் கூட்டம். எல்லா வாசலிலும் விளக்கு. பிள்ளைகள் புதரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். உண்மையான ரத்தம் வர முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட ஒருவன் பெருமையாக நொண்டிக்கொண்டு போனான். காரை நிறுத்த இடமே இல்லை. கடைசியில் ஓர் இடத்தில் செருகிவிட்டு இறங்கிய ஓரின், முன்னால் நின்ற காரின் கண்ணாடியில் ஃபாக்ஸ் ஹாலோ ஸ்டிக்கரைப் பார்த்தார். அதற்கு முன்னால் நின்ற காரிலும் பார்த்தார். தெரு நெடுக எங்கள் ஸ்டிக்கர்தான்.

முதல் வீட்டு வரிசையில் போய் நின்றார்கள். அவர்களுக்குச் சற்று முன்னால் கிப் தன் இரண்டு பையன்களைத் தோளுக்கொன்றாகச் சுமந்துகொண்டிருந்தார். மூலைவீட்டு அம்மாள் பேத்தியோடு இருந்தார். நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன். ஓரினுக்கு நேர் முன்னால் நின்ற சூனியக்காரி திரும்பினாள். மூக்கில் மருவோடு, லொரேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“பேரன் கேட்டான்,” என்றார் லொரேன். கையில் பிடித்திருந்த சின்ன ஓநாய் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

“இங்க இருட்டா இருக்கே, லொரேன்.”

“ஆமா. நல்லாருக்கில்ல?”

“முன்பின் தெரியாதவங்க வேற.”

“என்ன பண்றது ஓரின். இங்க எல்லாம் சுதந்திரமா இருக்கு.” தெருவை ஏக்கத்தோடு பார்த்தார். “இவங்களுக்குச் சங்கம் கிடையாது. குடுத்து வச்சவங்க.”

கிப் காதில் விழாததுபோல ஓக் மரத்தை ஆராய்ந்தார்.

ட்ரூடியின் முறை வந்தபோது வாசலில் நின்றவர் வீட்டுச் செருப்பும் தொளதொள ஸ்வெட்டரும் போட்ட பெரிய மனிதர். கையில் காலிக் கிண்ணம். களைத்துப்போயிருந்தார்.

“தீந்துபோச்சு பாப்பா. மேக்கேருந்து உங்காளுங்க அலை அலையா வந்துட்டாங்க. கடைக்கு ரெண்டாந்தடவை போயிட்டு வந்தும் பத்தல.”

“எனக்கு மிட்டாய் வேணாம்,” என்றது அறுவடை இயந்திரம். “நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க.”

அவர் ஓரினைப் பார்த்தார். ஓரின் கைகளைக் குவித்துக் கெஞ்சினார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ட்ரூடி தட்டினாள். கதவு திறந்தது.

“யாரது?” என்றார், முதன்முறை பார்ப்பவர்போல. “என்ன வச்சிருக்கே?”

சத்தமில்லை. அட்டையின் நெற்றி விளக்கு லேசாக நடுங்கியது. வரிசையில் யாரோ செருமினார்கள். ஓரினுக்குத் தன் வாயிலிருந்து ஜோக் வந்துவிடுமோ என்று பயமாகி, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர் அவசரப்படுத்தவில்லை. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு, ராத்திரி முழுக்க இதற்காகவே நின்றிருப்பவர்போல நின்றார்.

“பேய்,” என்றாள் ட்ரூடி.

“ம்.”

“பேய் ஏன் எங்க வீட்டுக்கு வர்றதில்ல?”

“அடடா. ஏன்?”

“எங்கப்பா குறட்டை விடுவாரு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஏற்கெனவே வேற பேய் குடியிருக்குன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுது.”

அவர் ஜோக்கை ஒருமுறை மென்று பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஓரினைக் கேட்டார்: “நெசமாவே விடுவீங்களா?”

“விடுவேன்.”

அவருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி ஸ்வெட்டரைக் குலுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் அடுத்த வீட்டுப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூனியக்காரி கீச்சென்று சிரித்துவிட்டாள்; மூக்கு கழன்று விழுந்தது.

“லொரேன், இது நீங்க வேணாம்னு திருத்துன அதே ஜோக்கு,” என்றார் ஓரின்.

“தெரியும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் லொரேன். “அன்னைக்கு நான் தலைவியா உக்காந்திருந்தேன். தலைவிக்கு எப்படிச் சிரிப்பு வரும்?”

பெரிய மனிதர் உள்ளே போய்த் தேடி, பிரித்த உப்பு பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதிதான் இருந்தது. ட்ரூடி வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை காரின் பின்னாலிருந்து மொறுமொறுவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சங்கத்தின் நவம்பர் கூட்டத்தில் பெறுநர் பிற்பகல் முழு வெற்றி என்று தீர்மானம் நிறைவேறியது. முப்பதாம் தேதி மாலை குடியிருப்பில் ஒரு கதவுகூடத் திறக்கப்படவில்லை என்பதைக் கிப் தன் கேமராப் பதிவுகளைப் போட்டு நிரூபித்தார். லொரேன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

அதே வாரம், கூட்டம் தாங்க முடியாமல், அந்தப் பழைய தெருக்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்.